திருவையாற்று மணலில் பார்த்த முகங்கள்

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் எங்கள் தெருவில் முதல் கேள்வி, "யாரையெல்லாம் பார்த்தே?" என்பதுதான். ஐயாறப்பரைச் சேவித்தாயா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வருடம் முழுக்க டிவியிலும் மேடையிலும் பார்க்கிற முகங்கள் ஒரே பந்தலில், செருப்பில்லாமல் மணலில் உட்கார்ந்திருக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது?

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டி, கடைசியாகக் காவிரியைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி, பெரும்பாலும் தை மாதத்தில் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் மடியில் தம்பூராப் பெட்டியோ வயலினோ இருக்கும். யார் வித்வான், யார் மாணவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தியாகராஜ சுவாமிகள் 1847-ல் சித்தியடைந்த நாள் அது. காலையில் திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே அரிசிப் பிச்சை வாங்கும் உஞ்சவிருத்தி பஜனை கிளம்பி, காவிரிக்கரைச் சமாதிக்கு வரும். நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழல்காரர்கள் வாசித்ததும், ஒன்பது மணி வாக்கில் அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம், நாட்டை ராகத்தில் ஆரம்பம். பிறகு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே வழி விட்டு எதிரெதிராக உட்கார்ந்து பாடுவார்கள். அதே நேரத்தில் உள்ளே சுவாமிகளுக்கு அபிஷேகம் நடக்கும். யாருக்கும் தனி மைக் கிடையாது, தனி ஆவர்த்தனமும் கிடையாது. பத்ம விருது வாங்கியவர் பக்கத்தில் பாட்டு கிளாஸ் பிள்ளை உட்கார்ந்திருக்கும். புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி பிந்திப் பாடும். யாரும் முறைக்கமாட்டார்கள்.

நான் போக ஆரம்பித்த காலத்தில் அந்தப் பந்தலின் நாயகர் குன்னக்குடி வைத்தியநாதன். நெற்றி நிறைய விபூதிப் பட்டை, நடுவே ரூபாய் அளவு குங்குமம். நூறடி தள்ளி நின்றாலும் அவர்தான் என்று தெரியும். ஆராதனையை நடத்தும் சபையின் செயலாளராக ஓடியாடிவிட்டு, பஞ்சரத்னம் ஆரம்பிக்கும்போது வயலினோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை சமாதிப் பக்கம் எதிரே வந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். நடையை நிறுத்தாமல் புருவத்தை உயர்த்திச் சிரித்தார், அவ்வளவுதான். ஊருக்கு வந்து அதை ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தேன்! 2008-ல் அவர் போய்விட்டார்.

சபைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த ஜி.கே. மூப்பனாரையும் அங்கேதான் பார்த்தேன். பந்தலுக்கு வெளியே கரை வேட்டிகள் கூட்டம். உள்ளே அவர் வெள்ளை வேட்டியில் பேசாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தொடையில் விரல் மட்டும் தாளம் போட்டது. தேர்தல் மேடையில் பார்த்த மனிதரா இவர் என்று தோன்றியது.

பெயர் சொல்லாமல் இன்னொருவரைச் சொல்கிறேன். சபா கச்சேரிகளில் முன்வரிசைப் பாடகர்களுக்கு வாசிக்கிற மிருதங்க வித்வான். ஒரு மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்று, "ஒரு கைப்பிடி ரவை குடுங்க" என்றார். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "கைப்பிடி ரவைல என்ன உப்புமா கிண்டப் போறீங்க?" என்று கேட்டார். வித்வான் சிரித்துவிட்டு, "நான் கிண்டலை, என் தொப்பிதான் சாப்பிடும்" என்றார். தொப்பி என்கிற மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பினால்தானே அந்தக் கும்காரம் வரும். விஷயம் புரிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். வித்வானும் விடவில்லை, கல்லாப்பெட்டி மேல் சில்லறையை வைத்துவிட்டுத்தான் போனார்.

சமாதியோடு திரும்பிவிடாமல் ஐயாறப்பர் கோயிலுக்கும் போக வேண்டும். தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சன்னிதி. முன்னால் குங்கிலியக் குழி எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். சுவாமியின் சடாமுடி கருவறைக்குப் பின்னால் பரந்திருப்பதாக ஐதீகம், அதனால் அங்கே சுற்றி வருவதில்லை. அறம் வளர்த்த நாயகிக்குத் தனிக்கோயில். தெற்குப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா!" என்று கூப்பிட்டால் ஏழு தரம் திரும்பிக் கேட்கும் என்பார்கள்.

அந்த இடத்தில்தான் ஒரு சினிமாப் பின்னணிப் பாடகியைப் பார்த்தேன். சாதாரணப் பருத்திப் புடவை, கையில் அர்ச்சனைத் தட்டு. வாயைக் கையால் குவித்துச் சின்னப் பிள்ளை மாதிரி கூப்பிட்டுவிட்டு, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சுதான் கேட்டுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டார். கோடிப் பேர் கேட்ட குரல், இங்கே இரண்டு எதிரொலி குறைந்துபோனதற்கு வருத்தம்! அதற்குள் அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெண் ஓடிவந்து காலில் விழப் போனார். பாடகி சட்டென்று பின்னால் நகர்ந்து, "கோயில்ல வேண்டாம்மா, சாமிக்கு மட்டுந்தான்" என்று தோளைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் அம்மாவும் இதே விதியைத்தான் சொல்வாள், இன்னும் கறாரான குரலில்.

இத்தனை பிரபலங்களைத் தேடும் கண்கள், சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலையைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவர் காலத்தில் அவரை விடப் புகழ்பெற்ற மேடைக் கலைஞர் யார்? சிதிலமாகிக் கிடந்த இந்த இடத்தை, தான் பாடிச் சம்பாதித்த காசைக் கொட்டி 1920-களில் கோயிலாக்கியவர் அவர். கட்டிக் கொடுத்தவருக்கே அங்கே பாட அனுமதியில்லை என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடிக் காட்டினார். ஆண், பெண் என்று எல்லாரும் சேர்ந்து பாடும் முறை 1940-களில் வந்தது. 1952-ல் மறைந்த பிறகு அவர் சமாதியும் சுவாமிகளுக்கு எதிரிலேயே அமைந்தது. நான் முதலில் அங்கே ஒரு முழம் பூ வைத்துவிட்டுத்தான் பந்தலுக்குள் போவேன்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன். வராளி பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாடகரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து செல்பி எடுத்தவரைப் பார்த்தேன். அவருக்கு இடம் விட்டு நகர்ந்த பாட்டி, பாட்டை நிறுத்தாமலே அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். பந்தலில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

போவதாக இருந்தால் பஞ்சமியன்று ஏழு மணிக்குள் மணலில் இடம் பிடித்துவிடுங்கள். அதற்குமேல் தூண் மறைவுதான் கிடைக்கும். திரும்பும்போது அசோகா அல்வா சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்தப் பண்டத்துக்கு இந்த ஊர்தான் பேர்போனது. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தால், கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுங்கள். அவரும் சூடு ஆறுவதற்குள் சாப்பிடத்தான் நிற்கிறார்.