கார்பன் குழாய்ல அலுமினிய பிளக் ஒட்டியாச்சு, மிக்ஸிங் நாசில் பத்தி கொஞ்சம் விரிவா

டெலஸ்கோப் டிரஸ்ஸுக்கு (குழாய்களைக் கோத்துப் பண்ற சட்டம்) கார்பன் ஃபைபர் குழாய் முனையில அலுமினிய பிளக் ஒட்டுற வேலை நல்லா வந்துடுச்சு. சாம்பிள் ஜாயிண்ட்டை வைஸ்ல மாட்டி முறுக்கினேன், பசை விடவே இல்ல, கார்பன் லேயர்தான் பிஞ்சு வந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்!

உப்புத்தாள் போடறது, ஆல்கஹால்ல துடைக்கறது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட் பசை) போட்டிருக்கலாமேன்னு சிலர் கேப்பீங்க. சீக்கிரம் பிடிக்கும், ரேஷியோ கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் தாங்கும், ஏன்னா அதுல ஆக்டிவேட்டர் ரியாக்ஷனை கிளப்பி விட்டா போதும், பாக்கி அதுவா ஓடும். ஆனா வீட்டுக்குள்ள அந்த வாடை தாங்காது, தீப்பிடிக்கற சரக்கு வேற. பாலியூரித்தேன்ல ஈரம் இருந்தா கார்பன் டை ஆக்சைடு கிளம்பி நுரைச்சுக்கும், குழாய்க்குள்ள நுரைச்சா கண்ணுக்கும் தெரியாது. அதனால எபாக்ஸி. இது ரெண்டு பாகமா வரும், ரெசினும் அதை இறுக வைக்கற ஹார்டனரும் சரியான அளவுல ஒண்ணோட ஒண்ணு சேந்து தீரணும். ஹார்டனரை கூட ஊத்தினா சீக்கிரம் காயும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மிஞ்சினது சேர ஆளில்லாம உள்ளயே நின்னு ஒட்டை மெத்துனு ஆக்கிடும்.

டப்பாலேந்து எடுத்து கலக்கறவங்க ரேஷியோ எடைக்கா கொள்ளளவுக்கான்னு பாத்துக்கோங்க. அரால்டைட்ல ஏடபிள்யூ 106, ஹெச்வி 953யூ ஜோடி கொள்ளளவுல சரிக்குச் சரி, ஆனா தராசுல வச்சா 100க்கு 80. கலக்கினதும் கப்புலயே குவியலா விடாம தட்டையா பரப்பி வைங்க, குவிஞ்சு கிடந்தா சூடு வெளிய போக வழியில்லாம சீக்கிரமே இறுகிடும்.

நான் போனது கார்ட்ரிட்ஜ், நாசில் வழி, அதாவது ரெண்டு பாகமும் பக்கத்துப் பக்கத்துக் குழல்ல இருக்கும், கன்ல மாட்டி அழுத்தினா முன்னாடி இருக்கற நாசில் வழியா கலந்து வரும். அந்த நாசிலுக்குள்ள வலது இடதுன்னு மாத்தி மாத்தி முறுக்கின சின்னச் சின்ன துண்டுங்க வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் வர்ற பசையை ரெண்டா பிரிச்சு மடிக்கும், 12 துண்டு தாண்டினா கணக்குப்படி 4,096 அடுக்கு, 24 தாண்டினா 1.67 கோடிக்கும் மேல, இதை எந்தக் குச்சியாலயும் கப்புல பண்ண முடியாது. ஆனா நாசிலை மாட்டிட்டு நேரா வேலைல இறங்கக்கூடாது. முதல்ல நாசில் இல்லாம கன்னை அழுத்தணும், ரெண்டு ஓட்டைலேந்தும் ஒரே சீரா வர்ற வரைக்கும். ஒரு பக்கம் முந்திக்கிட்டு வந்துச்சுன்னா அந்தப் பக்கச் சரக்குதான் நாசில் நுனில முதல்ல நிக்கும். சீரானதும் வாயைத் துடைச்சு, நாசில் மாட்டி, முதல்ல வர்ற விரல் நீளத்தையாவது வேஸ்ட்டா விடணும், மனசு வராது, விட்டே ஆகணும். ரெண்டும் ரெண்டு கலரா இருக்கற பசை வாங்கினா கோடு கோடா தெரியறது நிக்கற வரைக்கும் விட்டா போதும், ரெண்டுமே கண்ணாடி மாதிரி இருக்கற பசைல இந்த வசதி கிடையாது. நடுவுல நிறுத்தினா நாசிலுக்குள்ள இருக்கறது இறுகிடும், அப்ப பலம் போட்டு அழுத்தாம புது நாசில் மாட்டுங்க.

நாசில் விக்கறவங்க மேல ஒரு கோபம் இருக்கு, எத்தனை துண்டுன்னு போடவே மாட்டாங்க, நீளத்தை மட்டும் போட்டு வெள்ளையா ஒரு படம். கெட்டியான பசைக்கு எது, ஓடற பசைக்கு எதுன்னு நாம எப்படித் தேர்ந்தெடுக்கறது? கன் வாங்கறப்பவும் 1:1 ரேஷியோவுக்கும் 2:1க்கும் பிளஞ்சர் (பசையைத் தள்ளற தண்டு) வேற வேறன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

பசைல 0.25 மில்லிமீட்டர் கண்ணாடி மணி கொஞ்சம் கலந்தேன், பிளக் நடுவுல நிக்கும், கார்பனும் அலுமினியமும் நேரா தொட்டு அரிக்காமலும் இருக்கும். பிளக்ல சின்னதா ஒரு காத்து ஓட்டை கட்டாயம், இல்லன்னா உள்ள மாட்டின காத்து பசையைத் தள்ளி வெளிய கொண்டு வந்துடும். சொருகறப்ப திருகித் திருகி சொருகுங்க.

அடுத்து டியூ ஹீட்டர் (கண்ணாடில பனி படியாம சூடாக்கறது) வயரை பிளாட்டினம் சிலிக்கோன்ல (பிளாட்டினத்தால இறுகற ரப்பர் மாதிரி சரக்கு) மூடலாம்னு இருக்கேன். அதுக்கு லேட்டக்ஸ் கிளவுஸ் ஆகாது, கந்தகம் பட்டா அந்த இடம் பிசுபிசுன்னே நிக்கும், கந்தகம் இல்லாத நைட்ரைல்தான். ஆனா டிரஸ்ல கீழ்முனை பிளக்கெல்லாம் இன்னும் பாக்கி, 24 துண்டு நாசில் வந்ததும் அதைத்தான் முதல்ல முடிக்கணும்.