பில்லியனுக்கு எத்தனை பூஜ்யம்?

ஐரோப்பிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் குழுவில், கடைசியாகச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. இலக்கணப் பிழையைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது 'பில்லியன்' என்ற சொல்தான். ஆங்கிலத்தில் அது 9 பூஜ்யம், ஜெர்மனில் 12. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

நம் நூறு கோடியை ஜெர்மானியர்கள் 'மில்லியார்ட' என்பார்கள். பிரெஞ்சில் 'மில்லியார்', இத்தாலியனில் 'மிலியார்தோ'. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 'ஆயிரம் மில்லியன்' என்று விரித்துச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் பிரேசிலில் பேசும் போர்ச்சுகீசியத்தில் பில்லியன் என்றால் நூறு கோடியேதான். அதனால் போர்ச்சுகீசியக் கோப்பு வந்தாலே எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் கேட்டுவிடுவேன். ரஷ்ய மொழி இன்னும் விசேஷம். நூறு கோடிக்கு 'மில்லியார்த்', அதற்கு அடுத்த படி நேராக டிரில்லியன், 12 பூஜ்யத்தோடு. ஜெர்மன் டிரில்லியனுக்கோ 18.

இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடிப் போனது எனக்குப் பெரிய சந்தோஷம். மில்லியன் இத்தாலியில் பிறந்த சொல். 'மில்லே' என்றால் ஆயிரம், மில்லியன் 'பெரிய ஆயிரம்'. 1484-இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக் கணிதர் தன் கையெழுத்துப் படியில் மில்லியனை மில்லியனால் பெருக்கிப் பில்லியன் என்று எழுதினார். 'பி' என்றால் இரண்டு. இரண்டு ஆறு பன்னிரண்டு பூஜ்யம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. என் மனசு ஷூக்கே பக்கம்தான். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலேயே சிலர் மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கத் தொடங்க, பில்லியன் 9 பூஜ்யமாகச் சுருங்கியது. அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரான்சோ 1961-இல் சட்டப்படி பழைய 12-க்கே திரும்பிவிட்டது.

வேலையில் நான் நம்புவது கோடியை. எந்த மொழியில் வந்தாலும் தொகையை ஓரத்தில் கோடியாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போவேன். ஜெர்மன் மில்லியார்ட நூறு கோடி, ஜெர்மன் பில்லியன் லட்சம் கோடி. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் அதே பக்கத்தில் இருக்கும் லாபம், ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பேன். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்லித்தருகிறேன்.

பிரிட்டிஷ் ஆவணமாக இருந்தால் ஆண்டையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டு அரசு 9 பூஜ்யத்துக்கு மாறிவிட்டதைப் பிரதமர் ஹெரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியது 1974-இல். அதற்கு முந்தைய தாள் என்றால், எந்தப் பில்லியன் என்று வாடிக்கையாளரிடம் எழுதிக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை.