வி-ஷோ போட்ட கட்டமும் அசையாத படிவமும்

ஒரு படிவம். அதில் 'நிறுவனத்தின் பெயரில் பில் வேண்டும்' என்று ஒரு செக்பாக்ஸ், அதை டிக் செய்தால் மட்டும் நிறுவனத்தின் பெயரைக் கேட்கும் கட்டம் கீழே வர வேண்டும். வெப் பக்கங்கள் கட்டப் பயன்படும் வியூ (Vue) என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் இதற்கு ஒரு வரி போதுமே என்று வி-ஷோ (v-show) போட்டேன். டிக் செய்தால் வருகிறது, எடுத்தால் போகிறது. சரி, முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் டிக் செய்யாதவர்கள் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் படிவம் போகவில்லை, திரையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

அரை நாள் தேடிய பிறகு கன்சோலில் காரணம் கிடைத்தது. அந்தக் கட்டத்துக்கு ரிக்வயர்ட் (required, அதாவது கட்டாயம் நிரப்ப வேண்டும்) என்று கொடுத்திருந்தேன். வி-ஷோ செய்வதெல்லாம் டிஸ்ப்ளே நன் (display: none) என்ற, மறைக்கும் ஸ்டைலைப் போடுவதும் எடுப்பதும்தான். கட்டம் கண்ணுக்குத் தெரியாதே தவிர டாமில் (DOM, பிரவுசர் வைத்திருக்கும் பக்கத்தின் அமைப்பு) அப்படியே இருக்கும், பிரவுசர் படிவத்தைச் சரிபார்க்கும்போது அதையும் சேர்த்தே பார்க்கும், காலியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடும், ஆனால் மறைந்திருக்கும் கட்டத்தில் கர்சரை வைத்துக் காட்ட அதனால் முடியாது. வி-இஃப் (v-if) என்று மாற்றியதும் ஓடியது. நிபந்தனை ஃபால்ஸ் ஆனால் அந்தக் கட்டம் டாமிலேயே இருக்காது.

அடிக்கடி மாறுவதற்கு வி-ஷோ, எப்போதாவது மாறுவதற்கு வி-இஃப் என்று வேகத்தை வைத்துத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் நான் இப்போது முதலில் பார்ப்பது உள்ளே இருப்பதற்கு என்ன ஆகும் என்பதைத்தான். வி-இஃப் மூடினால் உள்ளே உள்ள காம்பொனென்ட் (பக்கத்தின் தனித் துண்டு) அழிந்துவிடும், அது தனக்குள் வைத்திருந்த தரவும் போய்விடும். ஒருவர் டேப் ஒன்றில் பாதி முகவரி தட்டிவிட்டு அடுத்த டேபுக்குப் போய்த் திரும்பினால் எல்லாம் காலி. அங்கே வி-ஷோ வேண்டும், இல்லையென்றால் மூடினாலும் காம்பொனென்டை அழியவிடாத கீப்-அலைவ் (KeepAlive) என்ற டேகை அதைச் சுற்றிப் போட வேண்டும்.

சார்ட், மேப் வந்தால் சிக்கல் தலைகீழ். மறைந்திருக்கும்போதே உருவானால் அகலம் பூஜ்யம் என்று அளந்துகொண்டு, திறந்ததும் நசுங்கி நிற்கும். அதற்கு நான் அதைச் சுற்றியிருக்கும் ஒரே div டேகில் இரண்டையும் போடுகிறேன்: 'ஒரு முறையாவது திறந்தாயிற்றா' என்ற மாறிக்கு வி-இஃப், 'இப்போது திறந்திருக்கிறதா' என்பதற்கு வி-ஷோ. முதல் தடவை திறக்கும்போதுதான் மேப் உருவாகும், அப்புறம் எத்தனை முறை மூடித் திறந்தாலும் பெரிதாக்கி வைத்த இடத்திலேயே இருக்கும்.