கியூ நுனிப் பூண்: பொருளைவிடப் பொருத்தம்

உலக்கை நுனியில் இரும்புப் பூண் எதற்கு? இடிக்க இடிக்க மரம் பிளந்துவிடக் கூடாது என்பதற்கு. பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூவில், பந்தைத் தொடும் தோல் டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையமான ஃபெரூலுக்கும் அதே வேலைதான். கியூ செய்யும் மேப்பிள் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. டிப் பந்தில் படும் ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் அந்த நார்கள் விரியப் பார்க்கும். பூண் அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. டிப் ஒட்டுவதற்குச் சமமான, கெட்டியான தளம் கிடைப்பது இரண்டாவது பயன்.

நம் ஊர் கிளப்புகளில் ஸ்னூக்கர் ஆடிப் பழகியவர்களுக்குப் பூண் என்றாலே பித்தளை. 9.5 மி.மீ. நுனியில், 10 மி.மீ. நீளத்தில், ஒரு மி.மீட்டரைவிட மெல்லிய சுவரோடு செய்தால் பித்தளை ஒன்றரை கிராம்தான் வரும். பூல் கியூவின் கணக்கு வேறு. நுனி 13 மி.மீ., உள்ளே போகும் மர முளை 8 மி.மீ., நீளம் ஓர் அங்குலம் என்று வைத்தால் பூணின் கன அளவு ஏறக்குறைய 2.1 க.செ.மீ. அதையே பித்தளையில் கடைந்தால் 17 கிராமுக்கு மேல் போகும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் 2.2 கிராம், லினன் மெலமைனில் சுமார் 2.8, யானைத் தந்தத்தில் 3.8.

பொருளுக்குப் பொருள் ஒன்றரை கிராம் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். சைடு கொடுத்து, அதாவது பந்தின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறிபார்த்த கோட்டை விட்டு எதிர்ப்பக்கம் விலகுகிறதே, அந்த விலகலை முடிவு செய்வது நுனியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும் எடைதான். பந்தைத் தொடும் நேரம் அவ்வளவு குறைவு. கியூவின் மீதிப் பகுதி பக்கவாட்டில் அசைவதற்குள் பந்து போய்விடும். எனவே விலகலைக் குறைக்க வேண்டுமென்றால் பொருளை மாற்றுவதைவிட நீளத்தைக் குறைப்பது லாபம். ஏ.பி.எஸ். பூணை ஓர் அங்குலத்திலிருந்து 12 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தால் எடை ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். 1990-களில் பிரிடேட்டர் நிறுவனத்தின் 314 ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி) நுனியைக் குடைந்து, பூணைக் குட்டையாக்கிப் பெயர் வாங்கியது இந்தக் கணக்கில்தான்.

இனி பொருள். விளையாடும் கியூவுக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் லினன் மெலமைன்தான். துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. மரை சுத்தமாக விழும், பசை நன்றாகப் பிடிக்கும், அடியில் நசுங்காது. குறை, டிப்பில் தடவும் சாக்குக் கட்டியின் (சாக்பீஸ் போன்ற நீலப் பொடி) கறையை உறிஞ்சும். ஏ.பி.எஸ். இலேசானது, கடைவது சுலபம், ஆனால் மெது. கடினமான டிப் போட்டு பிரேக் (பந்துக் கூட்டைச் சிதறடிக்கும் முதல் அடி) அடித்தால் விளிம்பு பிதுங்கும். அசிட்டோன் பட்டால் கரையும், ஆகவே பழைய பசையைத் துடைக்கும்போது கவனம். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பார்க்க அழகு, தொட வழவழப்பு. அந்த வழவழப்பே வினை. எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, டிப் வாரம் ஒருமுறை கையோடு வரும். வல்கனைஸ்டு ஃபைபர் ஈரத்தை இழுத்து உப்பும், கடலோர ஊர்களுக்கு வேண்டாம். தந்தத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை: 1989-இல் சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிகக் கட்டுப்பாட்டு உலக ஒப்பந்தம் எடுத்த முடிவால் யானைத் தந்தத்தின் உலக வணிகம் தடைப்பட்டது. பழைய தந்தப் பூண் கியூவோடு எல்லை தாண்டினால் சுங்கத்தில் கியூவையே இழக்கலாம்.

எந்தப் பொருளானாலும் விரிசல் பெரும்பாலும் பொருத்தத்தில்தான் பிறக்கிறது. பழைய பூணைச் சூடாக்கித் திருகி எடுக்காதீர்கள், முளை ஒடியும். லேத்தில் மெல்லிசாகக் கடைந்து பசைக்கோடு தெரியும்வரை கொண்டுவந்து உரிக்க வேண்டும். முளைக்கு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை என்பது பரவலான அளவு. 13 மி.மீ. ஷாஃப்டில் இது பூணுக்கு 2.5 மி.மீ. சுவர் தரும். 11.8 மி.மீ. ஷாஃப்டிலோ 1.9 மி.மீ.தான் மிஞ்சும், அங்கே கால் அங்குல முளை பூணுக்கு நல்லது, முளைக்குக் கெட்டது. இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்றால், ஒடிந்த முளையைவிடக் கீறிய பூணை மாற்றுவது எளிது.

மரை வெட்டியதும் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை மரத்தில் ஊறவிட்டு, காய்ந்தபின் அதே மரையை மறுபடி ஓட்டினால் நுனிகள் உதிராது. பூணின் வாயில் அரை மி.மீ. சரிவு கொடுங்கள். இல்லாவிட்டால் முளையின் அடிமூலையில் முட்டி, தோளில், அதாவது பூணும் மரமும் சேரும் இடத்தில், இடைவெளி நிற்கும். பிறகு அந்த இடைவெளியில் சாக் புகுந்து நீலக் கோடாகத் தெரியும். பசை போடாமல் திருகி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒளி கசியக் கூடாது. மேல்பக்கம் மூடிய பூண் என்றால் முளையை அரை மி.மீ. குட்டையாக வைத்து, மரையின் குறுக்கே ஒரு கீறல் போட வேண்டும். மாட்டிக்கொண்ட பசைக்குப் போக வழி இல்லையென்றால் திருகும் அழுத்தத்திலேயே பூண் வெடிக்கும். அன்று தெரியாது, பத்தாவது பிரேக்கில் தெரியும்.

ஒட்ட எபாக்ஸிதான். ஐந்து நிமிடம் என்று டப்பா சொன்னாலும் ஒரு நாள் விடுங்கள். கடைசிக் கடைசலை 0.1 மி.மீட்டராக எடுங்கள், வேகம் கூடினால் ஏ.பி.எஸ். உருகி இழுபடும், மெலமைனோ உளியை மழுக்கும். அந்தத் தூசுக்கு முகமூடி அவசியம். பிறகு 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதானால் மரத்தில் டேப் சுற்றிவிட்டுத் தேய்க்க வேண்டும், மேப்பிள் ஈரம் பட்டால் நார் எழும்பும். முடிவில் ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் க்ளூவை மெலமைன் மேல் தடவி மெருகேற்றினால் நீலக் கறை உள்ளே இறங்காது. ஏற்கெனவே இறங்கியிருந்தால் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். படலமாக இருந்தது போய்விடும். மயிரிழைக் கோடாக அப்படியே நின்றால் அது கறையில்லை, கீறல்.