முன்மாதிரிக்கு எவ்வளவு ஆன்டாலஜி போதும்?

ஆன்டாலஜி (ஒரு துறையின் பொருள் வகைகளை, அதாவது வகுப்புகளை, அவற்றின் உறவுகளோடு கணினிக்குப் புரியும்படி வரையறுப்பது) வேண்டும் என்று முடிவானதும் பல மென்பொருள் குழுக்கள் வாரக்கணக்கில் வகுப்புப் படம் வரைய உட்கார்ந்துவிடுகின்றன. படம் முடிவதற்குள் பயனாளர்களின் தேவை மாறிவிடுகிறது. ஒரு ஸ்பிரிண்டுக்கு (குறுகிய வேலைச் சுற்றுக்கு), தளம் விடை சொல்ல வேண்டிய ஐந்தாறு கேள்விகள் போதும். அவற்றுக்கு விடை சொல்லத் தேவையான வகுப்புகளும் உறவுகளும் மட்டும் உள்ளே வரட்டும்.

ஏரி நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் தளம் என்று வைத்துக்கொள்வோம். நேற்று எந்த ஏரி எச்சரிக்கை அளவைத் தாண்டியது? 6 மணி நேரமாக அளவீடு அனுப்பாத சென்சார் எது? ஒவ்வொரு கேள்வியையும் ஸ்பார்க்கிள் (SPARQL) என்ற வினவல் மொழியில் எழுதி, கையால் செய்த சிறு சோதனைத் தரவையும் வரவேண்டிய விடையையும் சேர்த்து நிரல் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் வையுங்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (அதில் மாற்றத்தை ஏற்றும்போதெல்லாம்) இந்தச் சோதனை ஓட வேண்டும்.

சென்சார், அளவீடு போன்றவற்றுக்குப் புதுச்சொல் உருவாக்கத் தேவையில்லை. தர அமைப்புகளான டபிள்யூ3சியும் (W3C) ஓஜிசியும் (OGC) 2017இல் வெளியிட்ட சோசா (SOSA) என்ற சென்சார் ஆன்டாலஜியில் அவை இருக்கின்றன. ஆனால் அதன் எளிய முடிவுப் பண்பில் (hasSimpleResult) வெறும் எண்ணை மட்டும் போட்டால் ஒரு சென்சார் மீட்டரிலும் இன்னொன்று சென்டிமீட்டரிலும் அனுப்புவது தெரியாமலே போகும். முடிவைத் தனிக் கணுவாக்கி (தரவில் தனக்கென விவரங்கள் கொண்ட பொருளாக்கி), அலகை அதில் எழுதுங்கள்.

பெரும்பாலோர் இடறுவது ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓடபிள்யூஎல்லை (OWL) தரவுச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தும்போதுதான். "ஒவ்வொரு சென்சாருக்கும் குறைந்தது ஓர் ஏரி" என்று எழுதியிருக்க, தரவில் ஏரியே இல்லாவிட்டாலும் ரீசனர் (எழுதியவற்றிலிருந்து புது முடிவுகளை வருவிக்கும் நிரல்) பிழை காட்டாது. எங்கோ ஓர் ஏரி இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். "அதிகபட்சம் ஒன்று" என்று எழுதி, தரவில் இரண்டு ஏரிகள் வந்தால் இன்னும் மோசம்: அவை வேறு வேறு என்று சொல்லி வைக்காதவரை, இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடும். டொமைனும் (ஒரு பண்பு எந்த வகுப்புக்கு உரியது என்ற அறிவிப்பும்) அப்படித்தான். "பொருத்திய தேதி" என்ற பண்பின் டொமைன் சென்சார் என்று போட்டுவிட்டு, சென்சார் தரவை வாங்கி அனுப்பும் கேட்வே பெட்டிக்கும் அதைப் பயன்படுத்தினால் பெட்டி சென்சாராகிவிடும். சோசாவிலேயே கண்டிப்பான டொமைன் கிடையாது, எங்கே பொருந்தும் என்ற குறிப்பு மட்டும்தான்.

சரிபார்ப்பு வேலையை அதற்கென்றே உள்ள விதி மொழியான ஷாக்கிளிடம் (SHACL) கொடுங்கள். குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 1 என்று எழுதினால் விடுபட்டதையும் மிகுந்ததையும் உடனே காட்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. இலக்கு வகுப்பின் ஐஆர்ஐயில் (இணைய முகவரி போன்ற அடையாளத்தில்) ஓர் எழுத்து தவறினால் ஷேப் (ஷாக்கிளில் எழுதிய விதித்தொகுப்பு) எந்தக் கணுவையும் தொடாது, அறிக்கையோ "எல்லாம் சரி" என்று வரும். அதனால் ஒவ்வொரு ஷேப்புக்கும் வேண்டுமென்றே கெடுத்த ஒரு தரவுக் கோப்பு வையுங்கள். அது சரிபார்ப்பில் தோற்றால்தான் பில்ட் (தானியங்கிச் சோதனை ஓட்டம்) தேற வேண்டும்.

பெயர்கள் ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்டு மாறும். லேபிளை (மனிதர் படிக்கும் பெயரை) மாற்றுங்கள், ஐஆர்ஐயைத் தொடாதீர்கள். தரவில் ஏறிவிட்ட வகுப்பு வேண்டாமென்றால் அழிக்காமல் டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) குறி போட்டு, மாற்று எது என்று அதிலேயே சுட்டுங்கள். எந்த வினவலும் தொடாத, தரவிலும் இல்லாத வகுப்புகளை மட்டும் ஸ்பிரிண்டு முடிவில் தயங்காமல் நீக்கலாம்.