ஆறாவது வாரம்: கட்டைவிரல் ஒருவழியாக வழிக்கு வந்தது

நேற்று ராத்திரி மகள் கூடவே பாடிவிட்டாள். நிலாப் பாட்டின் மூன்றாவது வரியில், யாரும் சொல்லாமலே. ஆறு வாரமாகக் கிட்டாரோடு மல்லுக்கட்டியது இதற்குத்தான்.

இத்தனை நாள் அவள் கூடப் பாடாததற்கு, தப்பு என் சுருதியில் இருந்திருக்கிறது. தூங்க வைக்கிற பாட்டுதானே என்று 'ஜி'யில், அதாவது நம்ம சுருதிக் கணக்கில் 5 கட்டையில், கீழ் ஸ்தாயியில் முனகிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சுகம். நாலு வயதுக் குரலுக்கோ அந்த 5 கட்டை கீழே எட்டாது; மேலே எடுத்தால் கத்த வேண்டும். பாவம், வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். கேப்போவை (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) இரண்டாவது ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், போட்டு 'சி' கார்டின் விரல் வடிவத்தில் பிடித்தேன், 2 கட்டை ஆயிற்று. மெட்டு முழுக்க ச-வுக்கும் ப-வுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. இப்போது அவளுக்கு எட்டுகிறது.

சரி, கட்டைவிரல். ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி என்று மாறி மாறி மீட்டுவது, வாசிக்க மட்டும் செய்தால் கடிகாரம் மாதிரி ஓடும். வாயைத் திறந்தால் நின்றுவிடும். வரியின் கடைசி எழுத்தை இழுத்தால் விரலும் சேர்ந்து இழுக்கும். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பார்த்ததில் எரிச்சல்தான் மிச்சம். கடைசியில் பாட்டையே ஓரங்கட்டிவிட்டு, விரலை ஓடவிட்டு மளிகைப் பட்டியலைச் சத்தமாகப் படித்தேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ... பத்து நாளில் வாய் என்ன செய்தால் எனக்கென்ன என்று விரல் தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டேன். பிக்கால் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) அடித்தால் எழுந்து உட்கார்ந்து விளையாடுவாள். விரல் சதையால் மீட்டினால் படுத்தே இருக்கிறாள்.

அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் இடது கைக்காரர். வலது கைக் கிட்டாரைத் தந்திகூட மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையே வாசித்தவர். இங்கே ரெண்டு தந்திக்கே இந்தப் பாடு!

இன்னொரு மாற்றம், ஒவ்வொரு வரிக்குப் பிறகும் விரலை மட்டும் ஓடவிட்டு ஒரு வரி அளவுக்குச் சும்மா இருந்தேன். அமெரிக்கக் குழந்தைப் பாடகி எலா ஜென்கின்ஸ் 1957-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட முதல் இசைத்தட்டே இப்படி ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடுகிற முறைதான். நம்ம பால்வாடியில் நடப்பதும் அதுதானே. அந்த இடைவெளியில்தான் இவள் நுழைந்தாள்.

ஒரு புலம்பல். நார்மல் டென்ஷன், அதாவது நடுத்தர இழுவிசை உள்ள, நைலான் தந்தி கேட்டு வாங்கினேன். வீட்டில் பிரித்தால், இன்னும் விறைப்பான ஹார்டு. அலுப்பில் அதையே மாட்டிவிட்டேன். நாலு நாள் பாட்டுக்கு நடுவே சுருதி இறங்கியது, முதல் தந்தி பிரிட்ஜில் (கிட்டார் உடம்பில் தந்தியை முடியும் கட்டை) வழுக்கியது. மெல்லிய தந்திக்கு முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

தாலாட்டு இன்னும் பாக்கி. அது தாளத்துக்குள் நிற்காது, மூச்சு போகிற போக்கில் நீளும். இந்த விரல் அங்கே உதவாது. அதற்குள் மகளுக்கு ஒரு சொப்ரானோ யுகுலேலே (நாலு தந்திக் குட்டிக் கிட்டார் மாதிரி) வாங்கலாமா என்று மனசு தாவுகிறது. ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் கிட்டாரின் முதல் நாலு தந்தியும் ஏறக்குறைய யுகுலேலே சுருதிதான். நாலாவது மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். இந்த வாரம் அப்படிக் கேப்போ போட்ட கிட்டாரை அவள் மடியில் வைத்துப் பார்க்கிறேன்.