கசிவு மின்சாரமும் செவ்வாய்க் கிரகமும்

ஆலையின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் தினமும் தவறாமல் படிப்பது ஷிஃப்ட் லாக் புத்தகம் ஒன்றுதான். "மூன்றாம் பம்ப் மோட்டார் டிரிப் ஆனது, காரணம் பார்க்கப்படுகிறது" என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போகிறவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன காத்திருக்கிறது என்பது தெரியாது. ஆண்டி வெயர் 2011இல் தாமே வெளியிட்ட 'தி மார்ஷன்' நாவலின் பெரும்பகுதி, செவ்வாயில் தனியே விடப்பட்ட மார்க் வாட்னி எழுதும் இத்தகைய பதிவுகளால் ஆனது என்பதால், அதை ஒரு சக தொழிலாளியின் லாக் புத்தகமாகவே படித்தேன்.

ரிட்லி ஸ்காட் 2015இல் எடுத்த படத்தில் அப்பதிவுகள் கேமரா முன் பேசும் காட்சிகளாயின. அது சரியான முடிவுதான்; மாட் டேமனின் முகமே பல பக்கங்களின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் என் போன்றவர்கள் மிகவும் எதிர்பார்த்திருந்த சம்பவம் படத்தில் இல்லை. நாவலில், நாசா முன்பு செவ்வாயில் இறக்கிய பழைய பாத்ஃபைண்டர் கலத்தைத் தேடியெடுத்து பூமியுடன் தொடர்பை மீட்ட வாட்னி, பிறகு ஊர்தியில் துளையிடும் வேலைக்கு நடுவே துரப்பணத்தை மேசைமீது சாய்த்து வைக்கிறான். அதிலிருந்து கசிந்த மின்சாரம் மேசை வழியாகப் பாத்ஃபைண்டருக்குள் பாய்ந்து அதன் மின்சுற்றுகளைப் பொசுக்கிவிடுகிறது. அதன்பின் நெடுநாள்கள் அவன் கற்களை மோர்ஸ் குறியீடாக அடுக்கி, செயற்கைக்கோள் பார்க்கும் என்ற நம்பிக்கையில் செய்தி சொல்கிறான். பதில் கேட்க வழியே இல்லை.

எர்த்திங் பார்த்துப் பார்த்தே வயதானவர்களுக்கு இந்த விபத்து, கதைத் தொடக்கத்தில் ராக்கெட்டைச் சாய்க்கப் பார்த்து, வாட்னியைத் தனியாக்கிய புயலைவிடப் பயங்கரமானது. (செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அந்தக் காற்றால் ராக்கெட்டைச் சாய்க்க முடியாது. நாவலும் படமும் அதைக் கண்டுகொள்வதில்லை.) படத்திலோ பாத்ஃபைண்டர் தொடர்பு அறுபடுவதே இல்லை. செவ்வாயைவிட்டுக் கிளம்பும் ராக்கெட்டை நோக்கி வாட்னி ஊர்தியில் போகும் வழியில் வரும் தூசிப் புயலும், ஊர்தி கவிழ்வதும் அப்படியே கைவிடப்பட்டன. இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது புரிகிறது. ஆயினும் இவை போனதில், பயணத்தின் பிற்பகுதி ஏறக்குறைய சுற்றுலா போல ஆகிவிட்டது.

முடிவுக் காட்சியில்தான் எனக்குப் படத்தோடு உண்மையான சண்டை. விண்வெளி உடையின் கையுறையில் ஓட்டை போட்டு, வெளியேறும் காற்றின் உந்துதலில் பறந்து வருகிறேன் என்று வாட்னி சொல்வது இரண்டிலும் உண்டு. நாவலில் அவனை மீட்க வரும் கப்பலின் கமாண்டர் லூயிஸ் அதை ஒரேயடியாக மறுக்கிறார். ஆனால் அந்தக் கிறுக்கு யோசனையிலிருந்தே, கப்பலின் காற்றை வெளியேற்றி வேகத்தைக் குறைக்கலாம் என்ற வழியைப் பிடிக்கிறார். நல்ல ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் இப்படித்தான், ஆளைத் தடுத்துவிட்டு யோசனையை எடுத்துக்கொள்வார்கள். படத்தில் லூயிஸ் அதையும் செய்கிறார், வாட்னியும் கையுறையைக் கிழித்துப் பறக்கிறான். அங்கே அவருடைய மறுப்புக்கு இருந்த மதிப்பு போய்விடுகிறது.